சாயம் போகும் என்ற உத்தரவாதம்

ஒரு ஆளைப் பற்றித் தமிழில் சொல்லக்கூடிய மோசமான வார்த்தைகளில் ஒன்று, அவன் சாயம் வெளுத்துவிட்டது என்பது. அரசியல்வாதியைச் சொல்கிறோம், சாமியாரைச் சொல்கிறோம், நம் வட்டத்திற்குள் ஒருவரையொருவர் சொல்லிக்கொள்கிறோம். இந்த வசைக்கு அடியில் துணி வாங்குகிறவனின் நியாயம் ஒன்று இருக்கிறது. நல்ல சாயம் நிற்கும். போகிற சாயம் ஏமாற்று. இந்த வசை புழங்கும் ஊர்களின் பெயரைச் சொல்லித்தான் 1960களில் அமெரிக்காவில் ஒரு துணி, கட்டாயம் சாயம் போகும் என்ற உத்தரவாதத்தோடு, அதற்காகவே மதிப்புக் கூடி, விற்கப்பட்டது. 'ப்ளீடிங் மெட்ராஸ்' என்று அதற்குப் பெயர். ரத்தம் கசியும் மெட்ராஸ்.

வியாபாரத் தந்திரம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். எனக்கு அப்படிப் போக முடியவில்லை. கையால் சாயமிட்ட துணி, கையால் வேலைப்பாடு செய்த துணி என்பவை இன்று உடை வடிவமைப்பின் உச்சாணியில் இருக்கின்றன. பாரிஸின் பெரிய வீடுகளிலிருந்து நம் ஊர்க் கைத்தறிக் கண்காட்சி வரை 'கை' என்ற சொல்லுக்குத் தனி விலை. இந்த விலை எதற்குக் கொடுக்கப்படுகிறது? கையின் தேர்ச்சிக்கா, கையின் பிசகுக்கா? இது துணியோடு நிற்கிற கேள்வி இல்லை, கவிதைக்கும் வருவது என்பதால் இந்தப் பக்கங்களில் எழுதத் துணிகிறேன். மற்றபடி நான் நெசவாளியுமில்லை, ஜவுளி வியாபாரியுமில்லை. வங்கியில் குமாஸ்தா. காசோலையில் உள்ள கையெழுத்தைத் திரையில் தெரியும் மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. கையின் அடையாளம் என்பது என்ன என்று நாள் முழுக்க யோசிக்க வைக்கிற வேலைதான் அதுவும்.

முதலில் நின்ற சாயம்.

1639ல் ஃபிரான்சிஸ் டே இந்த மணல் திட்டைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, இங்கே துணி மற்ற இடங்களைவிட நூற்றுக்கு 20 சல்லிசு என்பது. துறைமுகம் என்று சொல்ல இங்கே ஏதுமில்லை, அலைதான். துணிக்காக எழுந்த ஊர் இது. வண்ணாரப்பேட்டை துணி வெளுத்தவர்களுக்கு. காலடிப்பேட்டை, காலெட் என்ற கவர்னர் நெசவாளிகளையும் துணியில் ஓவியம் தீட்டுகிறவர்களையும் குடியேற்றிய இடம். 1734ல் பிட் என்ற கவர்னர் காலத்தில் ஏற்பட்ட சிந்தாதிரிப்பேட்டை சின்னத் தறிப்பேட்டை. யேல் என்ற இன்னொரு பழைய கவர்னர் அனுப்பிய சரக்குப் பொதிகளை 1718ல் விற்று வந்த 562 பவுனுக்காக அமெரிக்காவில் ஒரு கல்லூரி தன் பெயரையே மாற்றிக்கொண்டது. நான் பி.ஏ.வில் படித்த விமர்சகர்களில் பாதிப் பேர் அங்கே பாடம் சொன்னவர்கள்.

ஐரோப்பா இந்தக் கரையின் துணிக்கு ஏன் அப்படிப் பைத்தியமாக இருந்தது? பூவும் கொடியும் மட்டும் காரணமில்லை. அந்தப் பூ துவைத்த பிறகும் இருந்தது. பருத்தியில் சிவப்பை நிற்கவைக்கும் வித்தை பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவுக்குக் கைவரவில்லை. அவர்கள் துணியில் அச்சிட்ட நிறங்கள் தண்ணீர் கண்டால் ஓடின. நம் துணி துவைக்கத் துவைக்கத் தெளிந்தது.

இதன் வேர், நிஜமாகவே ஒரு வேர்தான். சாயவேர் என்பது கடற்கரை மணலில் படர்ந்து வளரும் மிகச் சிறிய செடி. கிருஷ்ணா முகத்துவாரத்திலிருந்து ராமநாதபுரம் வரையிலும், கடல் தாண்டி மன்னார், யாழ்ப்பாணத்திலும் தோண்டினார்கள். யாழ்ப்பாணத்தில் டச்சுக்காரர்கள் அதைத் தங்கள் ஏகபோகமாகவே வைத்துக்கொண்டார்கள். அந்த வேரில் இருக்கும் சிவப்பு தானாகப் பருத்தியைப் பிடிக்காது. படிகாரம் என்ற தரகன் நடுவே வேண்டும். இந்தத் தரகு வேலையைப் புரிந்துகொள்வதில்தான் முழு வித்தையும் இருக்கிறது.

துணியைச் சாணத்தில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி நனைத்து வெளுப்பார்கள். பிறகு கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் தோய்ப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு அடுத்து வரும் நிறத்தைப் பற்றிக்கொள்ளும். பாலின் கொழுப்பு, தீட்டும் நீர்மம் நூலோடு பரவி ஓடாமல் தடுக்கும். கோடு கோடாகவே நிற்க வேண்டும் என்பதற்காகப் பால். இரும்புத் துண்டுகளைப் புளிக்கவைத்த நீரை மூங்கில் எழுதுகோலால் தொட்டு எழுதினால், கடுக்காய் ஏறிய துணியில் அது கறுப்பாகும். அடுத்ததுதான் எனக்கு ஆச்சரியம். ஓவியன் சிவப்பைத் தீட்டுவதில்லை. சிவப்பு எங்கே வர வேண்டுமோ அங்கே படிகார நீரைத் தீட்டுகிறான். அநேகமாக நிறமற்ற நீர். எழுதும்போது எதுவும் தெரியாது. பிறகு துணி முழுவதையும் சாயவேர்க் கொப்பரையில் போட்டுக் கொதிக்கவைத்தால் படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு தங்கும். மற்ற இடத்தில் ஏறிய கறையைச் சாணமும் வெயிலும் தண்ணீரும் எடுத்துவிடும். படிகாரத்தின் செறிவைக் கூட்டிக் குறைத்தால் கருஞ்சிவப்பிலிருந்து ரோஜா நிறம் வரை ஒரே கொப்பரையிலிருந்து வரும். நீலத்துக்கு வேறு வழி. நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவார்கள், அதற்குப் பெரும்பாலும் வேறு ஆட்கள். மெழுகைக் கொதிநீரில் எடுத்த பிறகு கடைசியாக மஞ்சள், தூரிகையால். நீலத்தின் மேல் மஞ்சள் பூசினால் பச்சை.

இந்த மஞ்சள் ஒன்றுதான் நிற்கவில்லை. அருங்காட்சியகங்களில் உள்ள முந்நூறு வருடத்துத் துணிகளில் மரங்களின் இலைகள் நீலமாக இருப்பதைப் படங்களில் பார்க்கலாம். ஏதோ கனவு மரம் என்று நினைக்கத் தோன்றும். வரைந்தவன் பச்சை இலைதான் வரைந்தான். மஞ்சள் போய்விட்டது, அடியிலிருந்த நீலம் நிற்கிறது. இந்த மஞ்சளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடல் தாண்டி இன்னொரு தடவை வரும்.

வித்தை வெளியே போன விதமும் ஒரு கதைதான். 1730களில் புதுச்சேரிக்கு வந்த போலியூ என்ற பிரெஞ்சுக் கப்பல் அதிகாரி, ஒரு துணி தன் கண் முன்னால் சாயமேறுவதைப் பார்த்து, ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஒரு துண்டு வெட்டி எடுத்து, குறிப்புகளோடு சேர்த்து வைத்தார். அந்தத் துண்டுகள் பாரிஸில் பத்திரமாக இருக்கின்றன. 1742ல் கெர்து பாதிரியார் இன்னும் விரிவாக ஒரு கடிதம் எழுதினார். மொழியியல்காரர்களுக்கு இவரைத் தெரியும்; சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உள்ள உறவைப் பின்னாளில், வில்லியம் ஜோன்ஸுக்கு முன்பே, எழுதி அனுப்பியவர். சாய விஷயத்தை மதம் மாறிய சாயக்காரர்களிடமிருந்து கேட்டுக்கொண்டதாக அவரே சொல்கிறார். ஐரோப்பாவுக்குப் பயன்படட்டும் என்ற நோக்கத்தையும் மறைக்கவில்லை. சொல்லிக்கொடுத்தவர்களின் பெயர்கள் நமக்கு வந்து சேரவில்லை. திருடிவிட்டார்கள் என்று நம் மேடைகளில் கூச்சலிடுவது சுலபம். எனக்கு அந்தக் கடிதத்தின் மேல் கோபம் வரவில்லை. ஒரு வேலையை அதன் வரிசைப்படி, எந்த இடத்தில் ஏன் பால், ஏன் சாணம் என்று கேட்டு எழுதிவைத்தவர் அவர். சாயம் தீட்டியவர்களின் எசமானர்களாக இங்கே இருந்த கனவான்கள் யாருக்கும் அப்படிக் கேட்கத் தோன்றியதற்குத் தடயமில்லை.

தடைச் சட்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், பாடப் புத்தகங்களிலேயே உண்டு. ஃபிரான்ஸ் 1686லிருந்து 1759 வரை இந்தத் துணிகளைத் தடை செய்தது. இங்கிலாந்து 1700ல் ஒன்றும் 1720ல் இன்னொன்றுமாகச் சட்டம் போட்டது. 1719ல் லண்டன் நெசவாளிகள் நம் துணியைக் கட்டியிருந்த பெண்களைத் தெருவில் துரத்தி, உடையைக் கிழித்தார்கள், மையும் அமிலமும் வீசினார்கள். அவர்கள் பக்கம் நின்று எழுதிய பேனாக்களில் ஒன்று டீஃபோவுடையது. அதே 1719ல்தான் ராபின்சன் குரூஸோ வெளிவந்தது. தனித் தீவில் எல்லாவற்றையும் தன் கையால் செய்துகொள்ளும் மனிதனைப் படைத்தவர், தூர தேசத்துக் கைகள் செய்த துணி உள்ளே வரக்கூடாது என்று வாதாடிக்கொண்டிருந்தார். ஆங்கில நாவலின் ஆரம்பம் பற்றி எங்களுக்கு வகுப்பெடுத்தவர்கள் இதைச் சொல்லவில்லை. பிறகு இயந்திரம் வந்தது, அச்சு வந்தது, 'சின்ட்ஸ்' என்ற துணி மலிந்தது. 1851ல் ஜார்ஜ் எலியட் ஒரு கடிதத்தில் அந்தப் பெயரை மட்டமான ரசனைக்கு அடைமொழியாக்கினார். 1868ல் கிரேபியும் லீபர்மானும் அலிசரினைச் சோதனைச் சாலையில் செய்தபின் சாயவேர் தோண்டுவதற்கான காரணமே போயிற்று. மூட்டை மூட்டையாகத் தோண்டிய வேரின் சாரம் தகர டப்பாவில் வந்தது.

ஆக, இந்தக் கரை உலகுக்கு விற்றது முதலில் உறுதியை. இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கை வேலை என்றாலே நெளிவும் கலங்கலும் மங்கலும் என்று நாம் பழகிவிட்டோம். அந்தக் கைகள் நெளிவைத் தோல்வி என்றுதான் கருதின. கும்பினியின் கிடங்கில் துணி தரம் பிரிக்கப்பட்டது. இழை தளர்ந்தாலும் சாயம் மங்கினாலும் கீழ்த்தரம், கீழ்விலை. நெளிவுக்கு யாரும் கூடுதல் காசு கொடுக்கவில்லை.

இனி போன சாயம். இந்தக் கதையைப் பின்னாளில் பெரிய ஓட்டல்களின் முதலாளியாக விளங்கிய கிருஷ்ணன் நாயர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கண்ணூர்க்காரர். ஓட்டலுக்கு முன்னால் ஜவுளி ஏற்றுமதி செய்தவர். 2014ல் காலமானார். அவர் சொன்னபடி, 1958ல் வில்லியம் ஜேகப்சன் என்ற அமெரிக்க இறக்குமதியாளர் பம்பாய்க்கு வந்து, கட்டம் போட்ட மெட்ராஸ் கைத்தறியைப் பார்த்து மயங்கி, கெஜம் ஒரு டாலர் என்று பேசி முடிக்கிறார். தாவரச் சாயமும் நல்லெண்ணெய் வாசனையும் அடிக்கிற துணி. குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்று நாயர் எச்சரிக்கிறார். ஜேகப்சன் அந்த எச்சரிக்கையைத் துணியோடு சேர்த்து விற்க மறந்துவிடுகிறார். ப்ரூக்ஸ் பிரதர்ஸ் என்ற பெரிய கடை அதில் கோட்டும் சட்டையும் தைத்து விற்கிறது. வாங்கியவர்கள் சலவை இயந்திரத்தில் மற்றத் துணியோடு போடுகிறார்கள். எல்லாம் எல்லாவற்றிலும் ஏறிவிடுகிறது. வக்கீல்கள் கிளம்புகிறார்கள். வழக்கு போட வேண்டிய இடத்தில் யாருக்கோ ஒரு யோசனை. ஒரு பெண்கள் பத்திரிகையில் நாயரின் பேட்டி வருகிறது: மெட்ராஸிலிருந்து ஓர் அதிசயத் துணி, துவைக்கத் துவைக்க நிறம் கலந்து புதிதாகும். 'சாயம் போகும், உத்தரவாதம்' என்ற வாசகம் விளம்பரமாகிறது. பல்கலைக்கழகப் பையன்களுக்கு மங்கிய மெட்ராஸ் சட்டை ஒரு பரம்பரைச் சொத்துப் போலாகிறது. எவ்வளவு மங்கியதோ அவ்வளவு கோடைகளைக் கடற்கரை வீட்டில் கழித்த குடும்பம் என்று அர்த்தம். ஜவுளி அகராதிகள், அசல் மெட்ராஸ் என்பது கைத்தறியாகவும் சாயம் கசிவதாகவும் இருக்க வேண்டும் என்றே இலக்கணம் எழுதின.

கதையை நாயர் சொல்வதற்காகச் செதுக்கியிருக்கலாம். நல்ல வியாபாரிகள் நல்ல கதைசொல்லிகள். ஆனால் துணி விற்றது உண்மை, விளம்பரம் உண்மை. எனக்கு உறுத்துவது அதில் ஒரு சொல், 'இயற்கை'. தாவரச் சாயம் ஆகையால் போகிறது, போவதுதான் அதன் இயற்கை என்று வாங்குகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. சாயவேரும் தாவரம்தான். முந்நூறு வருடமாக நிற்கிறது. போன சாயம் இயற்கையால் போகவில்லை. சரியாகப் பற்றவைக்காததால் போனது. ஒரு தொழில் தன் மறதியைத் தன் சுபாவம் என்று விற்றுக்கொண்ட தருணம் அது.

நம் காரியத்துக்கு வருகிறேன். யாப்பு போனபோது நமக்கும் ஒரு 'ப்ளீடிங் மெட்ராஸ்' காலம் வந்தது. யாப்பு தெரிந்து அதை விட்டவர்கள் எழுதிய வரியில் விட்டதின் பலம் இருந்தது. பிறகு வந்த ஏராளமான வரிகளில், உடைந்திருப்பதே உத்தரவாதம். நெளிவு இருக்கிறதா, நவீனம். ஒன்றின் நிறம் இன்னொன்றில் ஏறியிருக்கிறதா, படிமம். குறை சொன்னால், அதுதான் இயற்கை என்று பதில். இதை எழுதுவதால் மரபுக்காரர்களின் மேடையில் எனக்கு நாற்காலி போட வேண்டாம். அவர்களுடையது தகர டப்பா அலிசரின், நிற்கத்தான் நிற்கும்.

இன்னொரு வேடிக்கை. ஹார்வர்டு பையன் கோட்டாகத் தைத்துப் போட்ட அதே கட்டம்தான் நம் வீடுகளில் கைலி. கைலி கட்டிக்கொண்டு தெருமுனைக் கடை வரை போகலாம். அதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போக முடியுமா என்று யாரும் கேட்டதுகூட இல்லை. துணியின் அந்தஸ்து துணியில் இல்லை, அது எந்தக் கரையில் இறங்குகிறது என்பதில் இருக்கிறது.

இரண்டு கரைகளைப் பற்றி, அமெரிக்கப் பையன்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவதால், கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று மார்த்தினிக். கரிபியக் கடலில் பிரெஞ்சுத் தீவு. அங்கே பெண்கள் தலையில் கட்டும் கட்டத் துணியின் பெயரே 'மெட்ராஸ்'. இதைக் கேட்டதும் தமிழ்ப் பேச்சாளர்களுக்கு உடம்பு புல்லரிக்கிறது: நம் கூலிகள் கொண்டுபோனது, தமிழன் தந்த ஆடை. தமிழர்கள் அங்கே போனது உண்மை, ஒப்பந்தக் கூலிகளாக. முதல் கப்பல் 1853ல் இறங்கியது. மாரியம்மன் அங்கே இன்னும் இருக்கிறாள். ஆனால் மெட்ராஸ் துணி அவர்களுக்கு வெகு முன்பே போய்விட்டது. அது போன வழி அடிமை வியாபாரத்தின் வழி. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்க ஐரோப்பியர்கள் கொடுத்த சரக்குகளில் இந்தியத் துணி பெரிய பங்கு. நம் சாயம் நின்றது என்று சற்று முன் பெருமைப்பட்டுக்கொண்டோமே, அந்த உறுதி அங்கே நாணயத்தின் உறுதி. இதைச் சொல்லாமல் கரையின் பெருமையைப் பேசுவது கணக்குப் புத்தகத்தில் வரவுப் பக்கத்தை மட்டும் எழுதுவது.

அந்த அடிமைகளின் சந்ததியில் வந்த பெண்கள் மெட்ராஸை அப்படியே கட்டிக்கொள்ளவில்லை. துணி மந்தமாக இருக்கிறது என்று நினைத்தார்கள். குரோம் மஞ்சளைக் கோந்தில் குழைத்து, தூரிகையால், நெய்த கட்டத்தின் வெளிர் கோடுகள் மேல் ஒவ்வொன்றாகத் தீட்டினார்கள். அதையே தொழிலாகச் செய்த பெண்ணுக்கு 'கலாந்தஸ்' என்று பெயர். 1880களின் கடைசியில் சேன் பியேர் நகரில் தங்கியிருந்த லஃப்காடியோ ஹெர்ன் இதை எழுதியிருக்கிறார். அந்த நகரம் 1902ல் எரிமலையில் அழிந்தது. தூரிகையும் கோந்தும் மஞ்சளுமாக நெசவின் மேல் இன்னொரு கை. முன்பு சொன்ன, நிற்காமல் போன மஞ்சளை யாரோ முன்பின் தெரியாதவர்கள், பாதி உலகம் தள்ளி, திரும்பப் பூசிக்கொண்டிருந்தது போல எனக்குத் தோன்றுகிறது. இது சரித்திர உண்மை இல்லை, குமாஸ்தாவின் கற்பனை. தள்ளிவிடலாம்.

இன்னொன்று நைஜர் ஆற்று டெல்டாவில் புகுமா. கலபாரி மக்களின் ஊர். அவர்கள் நெசவாளிகள் இல்லை. மீனவர்கள், வணிகர்கள், அடிமை வியாபாரம் நடந்த காலத்தில் அதில் தரகர்கள். மெட்ராஸ் கட்டத் துணிக்கு அவர்கள் பாஷையில் 'இஞ்சிரி'. பக்கத்தில் உள்ள இக்போக்கள் இப்படிப்பட்ட துணியை 'ஜார்ஜ்' என்கிறார்கள். நம் கோட்டையின் புனித ஜார்ஜ்தான் அது என்பார்கள். கலபாரிக் குடும்பங்கள் இஞ்சிரியைப் பெட்டியில் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைக்கின்றன. குழந்தையைச் சுற்றுவதற்கும் எடுப்பார்கள். ஒருவர் இறந்தால், அவரைக் கிடத்தும் கட்டிலையும் அறையின் சுவர்களையும் பெட்டியிலிருந்து எடுத்த துணிகளால் அலங்கரிப்பார்கள். அங்கே எந்தத் துணி விரிக்கப்படுகிறது என்பது குடும்பத்தின் சரித்திரம்.

இந்தத் துணியை அவர்கள் வெட்டினார்கள். தைப்பதற்காக இல்லை. கலபாரிப் பெண், விரித்த இஞ்சிரியில் வெளிர் நிற இழைகளை ஊசியால் நெம்பித் தூக்கி, சவர பிளேடாலோ பேனாக்கத்தியாலோ இரு முனையிலும் வெட்டி, உருவி எறிகிறாள். கறுத்த இழைகள் நிற்கின்றன. எடுத்த இடத்தில் வெளிச்சம் வருகிறது. நம் நெசவாளி போட்ட கட்டத்துக்குள்ளிருந்து வேறொரு உரு, அவன் நினைத்தே பார்க்காத உரு, எழுகிறது. துணி லேசாகிறது, வலைபோல் இளகி உடம்பில் விழுகிறது. உருக்களுக்குப் பெயர்கள் உண்டு. இப்படி வெட்டிய துணிக்கு 'பெலெதே பிதே'. ஒரு பக்கத்து இழையை மட்டும் நீளமாக உருவினால் அதற்கு வேறு பெயர். ஒரு துணியை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். கை ஒரு தடவை தவறி நிற்க வேண்டிய இழையை வெட்டினால் அங்கே ஓட்டைதான். திரும்ப வைக்க முடியாது.

ஜோன் ஐக்கர் என்ற அமெரிக்கப் பேராசிரியையும் டோன்யே எரெகோசிமா என்ற கலபாரிக்காரரும் 1980களின் தொடக்கத்தில் இதைப் பற்றி எழுதினார்கள். ஒரு வெளியூர்ப் பொருளை ஒரு சமூகம் தேர்ந்து, பெயரிட்டு, தன் வாழ்க்கைக்குள் சேர்த்து, கடைசியில் உருமாற்றித் தனதாக்கிக்கொள்கிறது என்று நாலு படி சொல்கிறார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் கலாச்சார அத்தாட்சி. ஆராய்ச்சி அருமையானது, அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லை. அத்தாட்சி கொடுப்பது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் செய்கிற வேலை. பிளேடு பிடித்த பெண் அத்தாட்சி கொடுக்கவில்லை. அவள் விமர்சனம் செய்கிறாள். இந்த இழை வேண்டாம், இது நிற்கட்டும் என்று ஒரு முழுத் துணியையும் இழை இழையாகப் படித்திருக்கிறாள். இப்படி ஒரு படைப்பைப் படித்தவர்கள் தமிழ் விமர்சனத்தில் எத்தனை பேர் என்று எண்ணினால் ஒரு கை விரல் மிஞ்சும். நாம் மேலே மஞ்சள் பூசுகிறோம், அல்லது மொத்தமாகக் கிழித்துப் போடுகிறோம்.

அமெரிக்கச் சட்டையையும் கலபாரித் துணியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. இரண்டிலும் நெய்தவனின் எண்ணம் குலைகிறது. ஒன்றில் சலவை இயந்திரம் குலைக்கிறது, விளம்பரம் அதை அழகு என்கிறது. மற்றதில் ஒரு ஆள், தவறக்கூடிய ஒரு கையோடு, பொறுப்பேற்றுக் குலைக்கிறாள். கை என்ற சொல்லை இரண்டுக்கும் ஒரே அர்த்தத்தில் உபயோகிக்க நான் தயாரில்லை.

இன்றைய உடை வடிவமைப்பு இரண்டையும் கலந்து விற்கிறது. கையால் சாயமிட்ட எந்தச் சட்டையை வாங்கினாலும் அதில் ஒரு சீட்டுத் தொங்கும்: இதில் காணும் ஏற்றத்தாழ்வுகள் குறைகள் அல்ல, கைவேலையின் அடையாளங்கள். 1958ன் பேரன் அந்தச் சீட்டு. சில துணிகளில் சீட்டு சொல்வது நிஜம். பலவற்றில், நன்றாகச் செய்யத் தெரிந்த ஆளிடம் கொஞ்சம் மோசமாகச் செய்யச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரியும். தூரிகை நடுங்குவது வேறு, நடுங்கச் சொல்வது வேறு. 2023 மார்ச் 30 அன்று பம்பாய் கேட்வேயின் முன்னால் டியோர் நிறுவனம் தன் உடைகளைக் காட்டியது. பின்னணியில் பம்பாய்ப் பட்டறையில் கையால் தைத்த பெரிய தோரணம். பிரமாதமான வேலை, சந்தேகமில்லை. எத்தனை பேர், எத்தனை மணிநேரம் என்று கணக்கு அறிவித்தார்கள். கணக்கைப் பார்த்து மகிழ வேண்டிய தொழிலில் இருக்கும் எனக்கே, தலை எண்ணிக்கையும் மணி எண்ணிக்கையும் ஒரு வேலையின் வர்ணனையாக முடியும் என்று தோன்றவில்லை. கும்பகோணம் பக்கத்துக் கருப்பூர்க் கலம்காரிக்கு 2021ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. நல்லது. கை இன்னும் காத்திருக்கிறது.

காசோலையில் இரண்டு கையெழுத்தும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் எங்களுக்குச் சந்தேகம் வர வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருவன் கையெழுத்து தினமும் கொஞ்சம் மாறும். மாறாதது பார்த்து வரைந்தது. அதற்காக, மாறியிருப்பதாலேயே ஒரு கையெழுத்தைச் செல்லும் என்று விட்டுவிடவும் முடியாது. மாற்றத்துக்குள் மாறாத ஏதோ ஒன்றைத் தேடுகிறோம். பழைய துணிகளின் நிழற்படங்களில் ஒரே கிளை இரண்டு தரம் வருகிற இடங்களை நான் இப்படித்தான் பார்க்கிறேன். ஒன்றுபோல் ஒன்று வர வேண்டும் என்று முயன்ற கை, வராமல் போன மயிரிழை இடைவெளி. அந்த முயற்சி தெரியாவிட்டால் அந்த இடைவெளிக்கு மதிப்பில்லை.

எங்கள் கிளைக்கு நகைக் கடனுக்கு வட்டி கட்ட வரும் ஒரு பெரியவர் நூல் சாயக்காரர். முழங்கை வரை அவுரி ஏறினது போன்ற ஒரு நீலம், அவர் உபயோகிப்பது ரசாயனச் சாயம்தான் என்றாலும். ஒரு நாள் கூட்டமில்லாத மத்தியானத்தில் அவருக்கு இந்த அமெரிக்கக் கதையைச் சொன்னேன். துணி போனது, சாயம் ஓடியது, வக்கீல் வந்தது, பத்திரிகையில் எழுதியது, விலை ஏறியது எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். வட்டி ரசீதை மடித்து மேல் துண்டு முனையில் முடிந்துகொண்டார்.

"அது சரி சார், சாயம் போட்டவனுக்குக் கூலி பிடிச்சாங்களா இல்லையா, அதைச் சொல்லுங்க" என்றார்.